கழுத்து ஸ்கேனும் பிதுங்கிய ஜவ்வும்

வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போய், தோளிலிருந்து சுரீரென்று வலி இறங்கும் தொல்லை வாரக்கணக்கில் விடவில்லை. மாத்திரைக்கும் கேட்காததால் நரம்பியல் மருத்துவரிடம் போனேன். ஸ்கேன் எழுதுவதற்கு முன் அவர் கையாலேயே நிறைய சோதித்தார். நடுவிரல் நகத்தைச் சுண்டிவிட்டுக் கட்டைவிரல் துள்ளுகிறதா என்று பார்த்தார். உள்ளங்காலில் கோடு இழுத்தார். “ஜாக்கெட் ஹூக் மாட்ட முடியுதாம்மா? நடக்கும்போது தள்ளாடுதா? யூரின் அடக்குறதுல சிரமம் இருக்கா?” தண்டுவடமே நசுங்குகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் இதெல்லாம். எதுவும் இல்லை என்றதும், “அவசரம் இல்லை, ஆனா கழுத்துக்கு எம்ஆர்ஐ பார்த்துடலாம்” என்றார்.

ஸ்கேன் சென்டரில் முதலில் ஒரு படிவம். பேஸ்மேக்கர், மூளையில் வைத்த கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி, கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் விழுந்ததா என்று வரிசையாகக் கேள்விகள். யோசித்துத்தான் நிரப்ப வேண்டும். எம்ஆர்ஐ கருவியே ஒரு பெரிய காந்தம்தான். 1.5 டெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) கருவி என்றால் பூமியின் காந்தப்புலத்தைவிட ஏறக்குறைய 30,000 மடங்கு. படம் எடுக்காத நேரத்திலும் அந்தக் காந்தம் அணைவதில்லை. தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஆனால் கழுத்தில் உலோகம் கிடந்தால் படம் கெடும், சூடேறவும் வாய்ப்புண்டு. எனக்கு முன்னால் இருந்த அக்கா விவரமானவர், வீட்டிலேயே தாலியைக் கழற்றிவிட்டு மஞ்சள் கயிறு கட்டி வந்திருந்தார். என்னைப் படுத்தியது மெட்டிதான். வாஷ்பேசினில் சோப்பு நுரை போட்டு உருவி எடுத்தேன்.

படுக்க வைத்து, காதை அடைத்து, கழுத்துக்கு மேல் பிளாஸ்டிக் கூடு ஒன்றை மாட்டினார்கள். அதுதான் சிக்னலை வாங்கும் காயில். கையில் ஒரு ரப்பர் பந்து. பயமாக இருந்தால் அமுக்கலாம். “மூச்சு சாதாரணமா விடுங்க. சத்தம் ஓடும்போது எச்சில் மட்டும் முழுங்காதீங்க, நிக்கிற கேப்ல முழுங்கிக்கோங்க” என்றார் டெக்னீஷியன். தொண்டை அசைந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் தண்டுவடத்தின் படமும் கலங்குமாம். விழுங்கக்கூடாது என்று சொன்ன நொடியில் வாயெல்லாம் எச்சில்! சத்தம் வேறு, தகரக் கொட்டகைக்குள் டிரில் போடுவதுபோல. காந்தப்புலத்துக்குள் கம்பிச்சுருள்களில் மின்சாரத்தைச் சடசடவென்று மாற்றுவதால் அவை அதிர்கின்றன, அவ்வளவுதான்.

நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்தது. புது சாஃப்ட்வேர் வந்தபின் நேரம் குறைந்துவிட்டது என்றார் டெக்னீஷியன். குறைவான தரவை எடுத்து, மீதியை ஏஐ கொண்டு கட்டமைக்கும் முறை இது. நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவர்களும் ஃபேஸ்புக்கின் ஏஐ குழுவும் 2018இல் தொடங்கிய ஃபாஸ்ட்எம்ஆர்ஐ ஆராய்ச்சி இந்த வழியில்தான் போனது; முழங்கால் படங்களில் தொடங்கி மூளைக்கும் வந்தார்கள். எச்சிலை அடக்கிக்கொண்டு படுத்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

அப்புறம் ரிப்போர்ட். சி4-சி5, சி5-சி6 இரண்டிலும் டிஸ்க் பல்ஜ், அதாவது ஜவ்வு பிதுக்கம். சி4, சி5 என்பதெல்லாம் மேலிருந்து எண்ணும் கழுத்தெலும்புகள்; அவற்றுக்கு நடுவே இருப்பதுதான் ஜவ்வு. கழுத்தின் இயல்பான வளைவு குறைவு. கவுண்டரில் கவரை நீட்டினார்களே தவிர, விளக்க ஆளில்லை. வீட்டில் ஆளாளுக்கு ஆபரேஷன் கதை சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

மருத்துவர் ரிப்போர்ட்டைத் தள்ளி வைத்துவிட்டு சிடியைப் போட்டார். சென்டரில் ஃபிலிமோடு சிடியையும் கேட்டு வாங்கியது நல்லதாயிற்று. சி5-சி6 இடையே வலப்பக்கம் நரம்பு வெளியேறும் துளை கொஞ்சம் குறுகியிருந்ததைக் காட்டினார். அங்கே வெளியேறுவது சி6 நரம்பு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் உணர்ச்சி தருவது அதுதான். “உங்க விரலும் படமும் ஒண்ணா பேசுது. மேலே இருக்குற பிதுக்கத்தை மறந்துடுங்க.”

அவர் சும்மா சமாதானம் சொல்லவில்லை. ஜப்பானில் கழுத்துத் தொந்தரவே இல்லாத 1,211 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அதில் 87.6 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலேயே பத்தில் ஏழு பேருக்கு மேல்! இந்தக் கணக்கை ரிப்போர்ட்டின் அடியிலேயே ஒரு வரியாக அச்சிட்டுத் தரலாம் என்பது என் கட்சி.

பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தார். முடிந்ததும் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். கையில் பலம் குறைந்தாலோ நடை தடுமாறினாலோ உடனே வரச் சொன்னார், இல்லாவிட்டால் ஸ்கேன் வேண்டாம் என்றார். இப்போது வலி இல்லை. ஸ்கூட்டரை ரொம்ப நேரம் ஓட்டினால் மட்டும் கட்டைவிரல் கொஞ்சம் மரத்துப்போகிறது.