மார்கழி 29 நாளும் வாசலில்: கோலம் பழகிய கதை

முழங்கால் தேய்ந்துவிட்டது, இனிமேல் குனியவே கூடாது என்று அம்மாவிடம் மருத்துவர் சொன்ன வாரத்திலேயே எங்கள் வீட்டு வாசற்படியில் ஒரு கோல ஸ்டிக்கர் ஏறிவிட்டது. சிவப்பு அடியில் வெள்ளைத் தாமரை. நான்தான் வாங்கி ஒட்டினேன். மனைவி மணப்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. 6.45 பேருந்தைப் பிடித்தாக வேண்டும். மகள் ஒன்பதாம் வகுப்பு, ஏழு மணிக்கு முன் அவளை எழுப்ப யாராலும் ஆகாது. எனவே ஸ்டிக்கர்.

கார்த்திகை முடிய இரண்டு நாள் இருக்கும்போது அம்மா, யாரிடமும் சொல்லாத மாதிரி, சுவரைப் பார்த்துச் சொன்னார்: "மார்கழியிலயுமா ஸ்டிக்கரு?"

"நான் போடறேம்மா" என்று வாய் சொல்லிவிட்டது. மனைவி சிரித்தாள். மகள்தான், "அப்பா, நீ ஸ்கேல் வெச்சாலே நேரா கோடு போடமாட்டியே" என்றாள். அது உண்மை. எனக்கு 47 வயது, ஒரு புள்ளி வைத்தது கிடையாது.

மார்கழி 1. காலை 5.15. எங்கள் வீடு உறையூரில் ஒரு பழைய தெருவில் இருக்கிறது. அந்த நேரத்துக்குக் கோவில் ஒலிபெருக்கி மட்டும்தான் விழித்திருக்கும் என்று நினைத்திருந்தேன். கதவைத் திறந்தால் தெருவில் பாதிப் பெண்கள் வாசலில்! எதிர்வீட்டு அக்கா கோலத்தையே முடித்துவிட்டார். என்னையும் கையிலிருந்த கொட்டாங்கச்சியையும் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, அம்மாவுக்கு முடியலையா?" என்றார். குரலில் கேலி இல்லை. ஆனால் உள்ளே போகவும் இல்லை. நின்று பார்த்தார்.

பெருக்கினேன். தண்ணீர் தெளித்தேன். அதிகமாகத் தெளித்துவிட்டேன் என்பது முதல் புள்ளியிலேயே தெரிந்தது: மாவு விழுந்த இடத்தில் கரைந்து பால் சிந்தியது போல ஆகிவிட்டது. தரை ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் நிற்கக் கூடாது. தெளித்த பின் விளக்குமாற்றால் ஒரு முறை இழுத்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். இந்த ஐந்து நிமிடத்தை நான் கற்றுக்கொள்ளவே ஒரு வாரம் ஆனது.

அம்மா பிளாஸ்டிக் நாற்காலியை வாசல் ஓரத்தில் போட்டு, தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "மாவைப் பிடிக்காதடா. விடு."

கேட்க எளிது. உள்ளங்கையில் மாவு இருக்க வேண்டும், மற்ற விரல்கள் அதை மூடியிருக்க வேண்டும், அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆள்காட்டி விரலுக்கு இறங்கி வர வேண்டும். கட்டைவிரல் அதைத் தள்ளிவிடும், அவ்வளவுதான் அதன் வேலை. நான் உப்புப் போடுவது போல மூன்று விரலால் கிள்ளிக் கிள்ளிப் போட்டேன். கோடு வரவில்லை, பல்லி எச்சம் வந்தது. நாலு புள்ளி வைத்து ஒரு சதுரம். மனைவி பேருந்துக்குப் போகும்போது அதைத் தாண்டிக் காலை வைத்துப் போனாள். அந்தத் தாண்டலிலேயே எனக்குப் பாதி மகிழ்ச்சி.

மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் வாரத் தவறுகளில் பாதி என் கையுடையவை அல்ல, மாவுடையவை. கடைப் பொட்டலத்தில் வந்தது மைதா மாதிரி நைசு. பனியில் கட்டிக்கொள்ளும், காற்றடித்தால் பறக்கும். பச்சரிசி மாவு மட்டும் போட்டுப் பார்த்தேன். அது விரலில் ஒட்டுகிறது, கோடு அறுந்து அறுந்து விழுகிறது. ஆனால் அன்று காலை எட்டு மணிக்கு என் கோலத்தின் மேல் இன்னொரு கோலம் ஓடிக்கொண்டிருந்தது, கறுப்பாக. எறும்புகள். ஒரு அணிலும் வந்து நடுப்புள்ளியைத் தின்றுவிட்டுப் போனது. கடைசியில் சைக்கிளில் "கோலமாவேய்" என்று கூவி வருபவரிடம் வாங்கிய வெள்ளைக்கல் பொடிதான் சரியாக வந்தது. ரவை போல லேசாகக் கரகரப்பு, விரலை விட்டுத் தானாக ஓடும். அதில் நாலு படிக்கு ஒரு படி அரிசி மாவு கலக்கச் சொன்னார் அம்மா. கல் பொடி மட்டும் என்றால் எறும்புக்கு என்ன கிடைக்கும் என்பது அவர் கேள்வி. கலந்ததைச் சல்லடையில் ஒரு முறை சலித்து, டப்பாவில் போட்டு, மூடியை இறுக்கி மூடினேன். அதற்கப்புறம் கோலம் கெட்டால் மாவைக் குறை சொல்ல முடியவில்லை.

நடுவில் ஒரு நாள் குறுக்குவழியும் பார்த்தேன். ஓட்டை போட்ட உருளை ஒன்று விற்கிறார்கள். மாவை நிரப்பி உருட்டினால் பூவேலைக் கரை வரிசையாக வந்துவிடும். அழகாகவே வந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். உருளை இப்போது மகளின் வண்ணப்பொடிப் பையில் கிடக்கிறது.

மார்கழி 6 முதல் நேர்ப்புள்ளி. நடுவரிசை 7 வைத்து, இரண்டு பக்கமும் 5, 3, 1 என்று குறைத்துக்கொண்டே போவது. மொத்தம் 25 புள்ளி. இடுக்குப் புள்ளி என்றால் இரண்டு புள்ளிக்கு நடுவில் அடுத்த வரிசை விழும். 7, 6, 5 என்று இறங்கி 4 இல் நிறுத்தினால் 37 புள்ளி. சிக்கல் எண்ணிக்கையில் இல்லை, இடைவெளியில். நடுவரிசையில் நாலு விரல் இடைவெளி விட்டவன் ஓரத்துக்குப் போகும்போது மூன்று விரலுக்கு வந்துவிடுகிறேன். அவசரம். அதனால் என் கோலங்கள் எல்லாம் ஒரு பக்கம் படுத்துக் கிடந்தன. எதிர்வீட்டு அக்கா ஒரு வழி சொன்னார்: முதலில் நடுப்புள்ளி, அப்புறம் இரு ஓரத்திலும் கடைசிப் புள்ளி, அதற்குப் பிறகு இடையில் நிரப்பு. அன்றிலிருந்து கோலம் எழுந்து உட்கார்ந்தது.

இடுப்பு பற்றி ஒரு வார்த்தை. பெண்கள் முழங்காலை மடக்காமல் இடுப்பில் வளைந்து போடுகிறார்கள். நான் இரண்டு நாள் அப்படிச் செய்துவிட்டு மூன்றாம் நாள் அலுவலகத்தில் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. மணைப்பலகை போட்டு உட்கார்ந்து பார்த்தேன். "உக்காந்து போட்டா கோலம் உன் கை எட்டற அளவுக்குத்தான் வரும்" என்றார் அம்மா. பலகையை நகர்த்தும்போது போட்டதே அழிந்தும் போனது. கடைசியில் வளைந்தும் குந்தியும் மாற்றி மாற்றிப் போடுவதாக உடம்போடு ஒப்பந்தம்.

இரண்டாவது வாரம் சிக்குக் கோலம். இங்கேதான் எனக்குப் பைத்தியம் பிடித்தது. புள்ளியைத் தொடக்கூடாது, சுற்றிப் போக வேண்டும். கோடு கோட்டைக் குறுக்கே வெட்டலாம், ஆனால் எங்கும் முட்டி நிற்கக் கூடாது. தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். ஒரு புள்ளிகூட வெளியே விடுபடக் கூடாது. அம்மாவிடம் ஒரு பழைய 80 பக்க நோட்டு இருக்கிறது, கல்யாணத்துக்கு முன்னால் தொடங்கியது. நீல மையில் புள்ளிகள், பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய கோலங்கள், ஓரத்தில் பால் கணக்கு. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் பார்த்து மகளின் பழைய சிலேட்டில் பழகுவேன். மகள் வீட்டுப்பாடம் செய்வாள், மனைவி விடைத்தாள் திருத்துவாள், நான் சிலேட்டு. மூன்று பேரும் ஒரே மேசை. முன்பெல்லாம் அந்த நேரத்தில் ஆளுக்கொரு மூலையில் செல்பேசி.

சிலேட்டில் வருவது வாசலில் வராது. சிலேட்டில் கோலம் முழுவதும் கண்ணுக்குள் இருக்கிறது. தரையில் நான் கோலத்துக்குள் இருக்கிறேன். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது மறந்துவிடுகிறது. அப்போது நாற்காலியிலிருந்து குரல் வரும்: "வளை. குறுக்கப் போ. இன்னும் ஒண்ணு. இப்ப வளை." அம்மா நோட்டைப் பார்ப்பதில்லை, சில நேரம் கோலத்தையும் பார்ப்பதில்லை. காபியை ஆற்றிக்கொண்டே சொல்வார். கோலத்தை இப்படி விதிகளாகப் பிரித்துக் கணினி அறிவியலில் ஆராய்ந்தவர்கள் நம் ஊரில் உண்டு. சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரித்திவாசன் மூவரும் சேர்ந்து 1974 இல் கோலத்தையும் படங்களுக்கான இலக்கண விதிகளையும் இணைத்து ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். இதை அம்மாவிடம் சொன்னேன். "அவங்க வீட்டுல யாரு வாசல் தெளிச்சாங்களாம்?" என்றார்.

மார்கழி 12 அன்று மழை. போட்டு முடித்து நிமிர்ந்தேன், நாலு துளி விழுந்தது, பத்து நிமிடத்தில் வாசல் வெள்ளைத் தண்ணீர். நான் முகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். மனைவி தோசையைத் திருப்பிக்கொண்டே, "நான் செய்யற தோசையும் பத்து நிமிஷம்தான் இருக்கு. நான் அழறேனா?" என்றாள். அதற்கு மேல் என்ன சொல்ல?

அமாவாசையன்று கோலம் இல்லை. அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கும் நாள், வாசலில் கோலம் போடக்கூடாது. தெரிந்த விஷயம்தான். ஆனாலும் 5.15க்கு எழுந்துவிட்டேன். கதவைத் திறந்தால் அம்மா ஏற்கெனவே நாற்காலியில். வெறும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருவரும் காபி குடித்தோம். அப்பா சைக்கிளை எடுக்கும்போது ஒரு நாளும் கோலத்தின் மேல் ஏற்றமாட்டார், தூக்கித் தாண்டி வைப்பார் என்று அம்மா சொன்னார். இது எனக்கு நினைவே இல்லை. அத்தனை வருடம் அந்த வீட்டில்தான் இருந்திருக்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை இருதயக் கமலம். இது சிக்கு இல்லை, புள்ளிகளைத் தொட்டு இணைப்பது. நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து எட்டுத் திசையிலும் ஐந்தைந்து புள்ளி. மொத்தம் 40, நடுப்புள்ளி தனி. ஒரு திசையில் போகும் புள்ளி வரிசைக்குக் கை என்று பெயர். முதல் கையில் 1ஆம் புள்ளி, அடுத்த கையில் 3ஆம் புள்ளி, அதற்கடுத்ததில் 5, அப்புறம் 2, அப்புறம் 4, மறுபடி 1. இப்படியே சுற்றிக்கொண்டே போக வேண்டும். நடுவில் எங்கும் கோடு உடையாது. 40 புள்ளியையும் தொட்டுவிட்டு, புறப்பட்ட புள்ளிக்கு வந்து நிற்கும். அதற்குள் எட்டு இதழ் தாமரை விரிந்திருக்கும். எங்கே இதழ் உருவாகிறது என்று போடும்போது தெரியவே தெரியாது, கடைசிச் சுற்றில்தான் தெரியும். நான் எழுந்து மூன்று முறை சுற்றி வந்து பார்த்தேன். பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, தூக்குவாளியோடு ஓரமாக நடந்து வந்தார்.

தலைக்கனம் வந்துவிட்டது. வைகுண்ட ஏகாதசிக்குப் பெரிதாகப் போடுவோம் என்று பத்துக் கை வைத்தேன், கைக்கு ஐந்து, 50 புள்ளி. அதே 1, 3, 5, 2, 4. பத்தாவது புள்ளி முடிந்ததும் கோடு தொடங்கிய இடத்துக்கே வந்து மூடிக்கொண்டது! 40 புள்ளி அனாதையாக நின்றது. அழித்து மறுபடி போட்டேன், மறுபடி பத்திலேயே மூடியது. எதிர்வீட்டு அக்காவுக்கும் புரியவில்லை. அம்மா, "எட்டுக்கு மேல போகாதன்னா கேக்கணும்" என்றார். ஏன் என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அன்று ஏழு மணிக்கு முன்னாலேயே மகளை எழுப்பினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். அரை நிமிடம்கூட இல்லை. "எட்டுக்கும் அஞ்சுக்கும் மீச்சிறு பொது மடங்கு 40. பத்துக்கும் அஞ்சுக்கும் பத்துதான். பின்ன எப்படிப்பா சுத்தும்? ஏழு கையோ ஒம்பது கையோ வை, வரும்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். மறுநாள் ஒன்பது கை வைத்தேன். ஒன்பது கையைச் சம இடைவெளியில் வைப்பது பெரும்பாடு, ஒரு இதழ் கொஞ்சம் வீங்கிவிட்டது. ஆனால் 45 புள்ளியும் ஒரே கோட்டில் வந்தது. அம்மா நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, கடைசிப் பக்கத்தில் தன் கையாலேயே "9 கை, 5 புள்ளி, பேத்தி சொன்னது" என்று எழுதிக்கொண்டார்.

அதிலிருந்து மகள் வாரம் இரண்டு நாள் தானாக எழுந்து வந்தாள். கோலம் போட அல்ல, நடுவில் சாண உருண்டை வைத்து அதில் பரங்கிப்பூ செருக. அது அவளுடைய வேலையாகிவிட்டது, வேறு யாரும் தொடக்கூடாது. செம்மண் பூசுவதை மனைவி எடுத்துக்கொண்டாள். பேருந்துக்கு நேரமாகிறது என்று கத்திக்கொண்டே பூசுவாள்.

பொங்கலன்று பானைக் கோலம், கரும்போடு. பானை சற்றுக் கோணல். பரவாயில்லை. காணும் பொங்கலன்று எங்கள் தெருவில் தேர்க்கோலம் போடுவார்கள். தேரின் வடத்தைத் தெருவரை நீட்டி அடுத்த வீட்டு வடத்தோடு சேர்ப்பது வழக்கம். என் தேருக்குச் சக்கரம் நாலில் ஒன்று சிறுத்துவிட்டது. வடத்தை இழுத்துக்கொண்டே போனேன். எதிர்வீட்டு அக்கா தன் வடத்தைத் தெரு நடுவில் நிறுத்திவிட்டு, "சீக்கிரம் வாங்க தம்பி, மாவு முடியப்போகுது" என்று கூப்பிட்டார். அவர் நிறுத்திய இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி என் மாவு தீர்ந்துவிட்டது. அக்கா கையில் மிச்சமிருந்ததில் இணைத்தார்.

டப்பாவைத் தட்டிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. கோலமாவு சைக்கிள் இனி ஞாயிற்றுக்கிழமைதான் வரும். அதுவரை அரிசி மாவை வைத்தே ஓட்டியாக வேண்டும். எறும்புகளுக்கும் அந்த அணிலுக்கும் இந்த வாரம் யோகம்.