மூன்றாம் படி வரைக்கும்

அப்பா போன பிறகு ஏழெட்டு மாதம் ராத்திரி என்றாலே பயமாக இருந்தது. பெரம்பூர் வீட்டில் இரண்டு மணிக்குப் போகும் ரயிலைக்கூட விழித்துக் கேட்டுக்கொண்டு கிடப்பேன்.

இப்போது படுத்ததும் முதலில் உடம்பைத் தளர்த்துகிறேன். கால்விரல்களை ஐந்து விநாடி இறுக்கி, மூச்சோடு சேர்த்து விடுவேன். அப்படியே கெண்டைக்கால், வயிறு, தோள், கடைசியில் தாடை. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்த முறை. 1929-லேயே புத்தகமாக வந்துவிட்டது. தாடையை இவ்வளவு இறுக்கி வைத்திருந்தேன் என்பதே எனக்கு இதைச் செய்த பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் கல்லிடைக்குறிச்சிக்குப் போய்விடுவேன். ஆச்சி வீட்டுத் திண்ணை, வெறுங்காலில் தெருமண், வெயிலில் காயும் அப்பளத்தின் உளுந்து வாசனை, தாமிரபரணிப் படித்துறை. முதல் படி சுடும். மூன்றாம் படியில் தண்ணீர் கணுக்காலைத் தொடும், பாசி வழுக்கும். வெறுமனே ‘ஆறு’ என்று நினைத்தால் போதாது, மனசு மெல்ல ஆஸ்பத்திரி வராந்தாவுக்குத் திரும்பிவிடும். காலைக் கொத்தும் மீன்குஞ்சு வரை பார்க்க வேண்டும். ஆக்ஸ்போர்டில் 2002-ல் வந்த ஓர் ஆய்விலும், இதமான காட்சியை மனதில் ஓட்டச் சொல்லப்பட்டவர்கள், எதுவும் சொல்லப்படாதவர்களைவிடச் சீக்கிரம் தூங்கியதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பலிக்காத நாளும் உண்டு. அன்றைக்குப் புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து, கூடத்தில் மங்கல் வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பேன். கண் சொருகும்போதுதான் மறுபடி படுக்கை.

நேற்று மூன்றாம் படி வரை வந்தது நினைவிருக்கிறது.