கூட்டத்துக்குச் சொன்ன பதில்

“இந்த வெள்ளை மணியைப் பொறுக்கிப் போட்டுட்டு, முருங்கைக்கீரையும் முட்டையும் குடுத்தா ஆகாதா?” என்று ஒரு பள்ளிக் கூட்டத்தில் ஒரு அப்பாயி, அதாவது ஒரு பிள்ளையின் அப்பாவைப் பெற்றவர், கேட்டார். “ஆகாதும்மா” என்றேன். வாய் தவறி வந்த பதில் இல்லை. யோசித்துத்தான் சொன்னேன். அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

சத்து சேர்த்துச் செய்த மணிகளைக் கலந்து ரேஷனிலும் பள்ளியிலும் தரும் செறிவூட்டப்பட்ட அரிசியைப் பற்றிப் பேசப் போகும் பெற்றோர் கூட்டங்கள் எப்படி நடக்கும் என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். யாராவது ஒருவர் கைபேசியை நீட்டி ‘பிளாஸ்டிக் அரிசி’ வீடியோவைக் காட்டுவார். நாம் அந்த மணிகளை டம்ளர் தண்ணீரில் ஊறப்போட்டு, விரலால் மசித்து, மாவாகப் போவதைக் காட்டுவோம். கரண்டியில் வைத்துத் தீயில் காட்டினால் உருகாது, கருகும், அடிப்பிடித்த சோற்று வாசம் வரும். அதற்குள் பாதிப் பேர் சமாதானமாகிவிடுவார்கள். மீதிப் பேர் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய் முறத்தில் கொட்டிப் பொறுக்கிவிடுவார்கள். நமக்கும் இது தெரியும். தெரிந்தேதான் அடுத்த ஊருக்குப் போவோம்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் அந்தப் பள்ளியில் வீடியோ வரவில்லை, பொட்டலம் வந்தது. கொண்டுவந்தவர் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அப்பாயி, அந்தக் கேள்வியைக் கேட்டவர். செய்தித்தாளைப் பிரித்து மேசைமேல் இரண்டு குவியலாகக் கொட்டினார். ஒன்று ரேஷன் அரிசியிலிருந்து பொறுக்கிய மணிகள். இன்னொன்று அவர்கள் வயலில் விளைந்த பொன்மணி, புழுங்கல்.

“அரிசின்னா ஒரு முனையில முளை இருந்த பள்ளம் இருக்கும் பாப்பா. இதுல எங்க இருக்கு, காட்டு” என்றார்.

குனிந்து பார்த்தேன். அவர் வீட்டு அரிசியில் ஒவ்வொரு மணியின் முனையிலும் நகத்தால் கிள்ளி எடுத்த மாதிரி ஒரு சின்னக் குழி. மற்ற குவியலில் இரண்டு முனையும் மொழுக்கென்று இருந்தன. இத்தனை கூட்டங்களில் இந்த மணிகளைக் கையில் வைத்துக்கொண்டு நிறத்தைப் பற்றிப் பேசியிருக்கிறேன், தண்ணீரில் மிதப்பதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். இந்தக் குழியை யாரும் எனக்குக் காட்டியதில்லை, பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை. நெல் அறுத்து, அவித்து, காயவைத்து, கொள்முதல் நிலைய வாசலில் மூட்டையோடு காத்துக் கிடந்த ஒரு ஆளுக்குத்தான் அது கண்ணில் படும்.

சரி, விளக்கினேன். அரிசியை மாவாக்கி, அதில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் கலந்து பிசைந்து, இடியாப்பம் பிழிகிற மாதிரி எந்திரத்தில் பிழிந்து அரிசி அளவுக்கு நறுக்குகிறார்கள். நூறு கிலோ சாதா அரிசிக்கு இது ஒரு கிலோ. மாவிலிருந்து வந்ததால் முளைக்குழி இருக்காது. “அப்ப இது அரிசி இல்ல, அரிசி மாதிரி” என்றார். “அரிசி மாவுல செஞ்சதும்மா” என்றேன். அதை ஏற்றுக்கொண்டார் என்றே நினைத்தேன்.

அடுத்த கேள்விதான் கூட்டத்தை நிமிர்ந்து உட்கார வைத்தது. “தவிட்டைத் தீட்டி எடுத்து மாட்டுக்குப் போட்டுடறீங்க. அப்புறம் சத்துன்னு சொல்லி எங்கேயோ வாங்கியாந்து அதே அரிசியில கலக்குறீங்க. இது என்ன கணக்கு?”

பின்வரிசை அம்மாக்கள் சிரித்தார்கள். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். பாரம்பரிய நெல்லுக்குத் திருவிழா நடந்த ஊர்ப்பக்கம் அது. இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் ஐயா பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர். இந்தக் கேள்வி எப்போதாவது வரும் என்று நான் எதிர்பார்த்துத்தான் இருந்தேன், பதிலும் தயாராக வைத்திருந்தேன். தீட்டும்போது சத்து போகிறது, உண்மைதான் என்று ஒப்புக்கொண்டேன். நம் ஊரில் நெல்லை ஊறவைத்து அவிப்பதால் பி வைட்டமினில் ஒரு பகுதி உள்ளே இறங்கி நிற்கிறது, பச்சரிசி அளவுக்கு நட்டம் இல்லை என்று அவர்கள் பக்கத்துக்கே ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டேன். கடைசியில், “ஆனா பி12 தவிட்டுலயும் கிடையாதும்மா, கீரையிலயும் கிடையாது. கறி, மீன், முட்டை, பாலுலதான் உண்டு. அதுக்குத்தான் இது” என்றேன். ஆசிரியர்கள் தலையாட்டினார்கள். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் தெம்பாக இருந்தது. அந்தத் தெம்பு அடுத்த பதிலில் எவ்வளவு கலந்தது என்று இப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஏனென்றால் அவர் சண்டையை அதோடு விட்டுவிட்டார். குரலும் இறங்கிவிட்டது. மூன்றாவதாகக் கேட்டது வாதம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது. பொறுக்கிப் போட்டுவிட்டுக் கீரையும் முட்டையும் கொடுத்தால் ஆகாதா?

அந்த வீட்டில் சொந்த அரிசி இருக்கிறது. கொல்லையில் முருங்கை இருக்கிறது, பசு இருக்கிறது. பள்ளியில் தினமும் முட்டை. நூறு கிராம் செறிவூட்டப்பட்ட அரிசியில் இருக்கும் இரும்பு சுமார் 2.8 முதல் 4.25 மில்லிகிராம். ஏழிலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கும் அளவு 15. மதியச் சோற்றில் கிடைப்பது ஏறக்குறைய அதில் கால் பங்கு. அந்தக் கால் பங்கை இந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் வேறு வழியில் நிரப்ப முடியுமா என்று என்னைத் தனியாகக் கேட்டிருந்தால், முடியும் என்றுதான் சொல்லியிருப்பேன். கீரையோடு எலுமிச்சை பிழியுங்கள், சாப்பிட்ட கையோடு டீ கொடுக்காதீர்கள், பாலும் முட்டையும் இருக்கிறது, பி12 கவலை வேண்டாம், வாரத்துக்கு ஒரு தடவை பள்ளியில் தரும் இரும்பு மாத்திரையை விடாமல் போடச் சொல்லுங்கள். இவ்வளவுதான்.

ஆனால் அங்கே அவர் மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை. அவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் இருந்தவர்களில் பலர் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள். ஐந்து மணிக்கு எழுந்து ஆறு மணிக்கு வரப்பில் நிற்க வேண்டும். அவர்கள் வீட்டில் கீரை கிடைக்கிற நாளும் உண்டு, வெறும் ரசம் ஊற்றுகிற நாளும் உண்டு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயதுப் பெண்களில் 53.4 சதவீதம். அந்த அறையில் பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு அந்த ஒரு சதவீத மணிதான் தவறாமல் போய்ச் சேரும் சத்து. நான் அப்பாயியிடம் “உங்க வீட்டுல ஆகும், ஆனா...” என்று ஆரம்பித்திருந்தால், அந்த ‘ஆனா’ பள்ளி வாசலைத் தாண்டியிருக்காது. ‘பொறுக்கிப் போட்டா பரவாயில்லையாம், வந்தவங்களே சொன்னாங்க’ என்பது மட்டும் சாயங்காலத்துக்குள் தெருத்தெருவாகப் போயிருக்கும். சமையலர் அக்காவும் கூட்டத்தில்தான் நின்றிருந்தார். ஏற்கெனவே யாராவது குறை சொல்வார்களே என்று அரிசி களையும்போது மிதப்பதைத் தண்ணீரோடு சேர்த்துக் கொட்டிவிடுகிறவர் அவர். கழுவுவதைக் குறையுங்கள் என்று அவரைச் சம்மதிக்க வைக்கவே போதும் போதும் என்றாகியிருந்தது.

இவ்வளவும் நியாயம்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். கேட்டவருக்குச் சொல்ல வேண்டியதைக் கூட்டத்துக்காக மாற்றிச் சொன்னேன். பொதுச் சுகாதாரம் என்றால் அப்படித்தான், எல்லோருக்கும் சேர்த்துப் பேசுகிறவர் ஒவ்வொருவருக்காகவும் பேச முடியாது. இப்படிச் சொல்லிக்கொள்ளும்போது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பாயி பொய் கேட்க வரவில்லை. பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து, குழியைக் காட்டி, நான் சொன்னதில் பாதியை ஏற்றுக்கொண்டவர். அந்த அறையில் நான் சொல்வதை எடை போட்டுப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவருக்குப் போய் இப்படி வெட்டு ஒன்று துண்டு இரண்டாக ஒரு பதில்.

கூட்டம் முடிந்ததும் பிடித்து உட்காரவைத்துப் பேசியிருக்கலாம் என்று யாராவது சொல்லலாம். நினைத்தேன்தான். அன்று புதன்கிழமை, தக்காளி சாதமும் மிளகு முட்டையும். பரிமாறும் நேரம், தட்டு அலம்பும் சத்தம், தலைமையாசிரியர் கையெழுத்துக்குக் காத்திருந்தார், அடுத்த பள்ளிக்கு நேரமாகிவிட்டது. இதெல்லாம் உண்மை. பேச வேண்டும் என்றிருந்தால் பத்து நிமிடம் கிடைக்காமல் போயிருக்காது என்பதும் உண்மை.

பிறகு வேறு ஏதோ விஷயமாகச் சத்துணவு அமைப்பாளர் போன் செய்தபோது சொன்னார்: அந்தப் பிள்ளை இப்போதெல்லாம் டப்பா கொண்டுவருகிறாள். முட்டை மட்டும் தட்டில் வாங்கிக்கொள்கிறாள். காலை உணவை விடவில்லை, ஏனென்றால் அதில் பெரும்பாலும் ரவை, சேமியா. பொங்கல் போடுகிற நாளில் மட்டும் வீட்டிலேயே சாப்பிட்டு வருகிறாளாம். எவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போட்டிருக்கிறார் பாருங்கள். காலை உணவுத் திட்டத்தை 2023 ஆகஸ்ட் 25ஆம் தேதி மாநிலம் முழுக்க விரிவாக்கியது இங்கே பக்கத்தில் திருக்குவளையில்தான். அந்தத் திட்டத்தின் பட்டியலை எங்கள் அலுவலகத்தில்கூட இவ்வளவு கவனமாக யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

டெல்டாவில் பள்ளிக்கு டப்பா வருகிறது என்றால் முதலில் வருகிற சந்தேகம் வேறு. சமைக்கிறவர் யார் என்று பார்த்து வரும் டப்பாக்கள் இருக்கின்றன, இல்லையென்று மழுப்ப வேண்டியதில்லை. இது அது இல்லை என்று அமைப்பாளர் அடித்துச் சொன்னார். முட்டையை அதே அக்கா கையால்தான் வாங்குகிறாள். நான் நம்புகிறேன். இருந்தாலும் வரிசையில் உட்கார்ந்து எல்லோரும் ஒரே சோற்றைச் சாப்பிடும் இடத்தில் ஒரு டப்பா திறந்தால், பக்கத்தில் இருக்கும் பிள்ளை அரிசியைப் பற்றி என்ன நினைக்கும்? 1956இல் காமராஜர் தொடங்கியது, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கியது, அப்புறம் முட்டை வந்தது, கலவைச் சாதம் வந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் சோறு பள்ளிக்குப் பிள்ளைகளை இழுத்தது என்றே நாங்கள் பேசுவோம். சோற்றை விட்டு விலகிய ஒரு பிள்ளையை எந்தப் படிவத்தில் எழுதுவது?

அவள் வீட்டு டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். சோறு, முருங்கைக்கீரைப் பொரியல், சில நாள் தயிர். கணக்குப் பார்த்தால் அவளுக்குக் கெடுதல் ஒன்றும் நடந்துவிடவில்லை. நான் ஆகாது என்று சொன்னதை அப்பாயி செய்து காட்டிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். ஆகும் என்று சொல்லியிருந்தால், வீட்டரிசியில் மட்டும் பொறுக்கிக்கொண்டு பள்ளிச் சோற்றை விட்டுவைத்திருப்பாரோ? அல்லது என்னைக் கேட்பதற்கு முன்பே முடிவு செய்துவிட்டு, கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம் என்று வந்தாரோ? இரண்டாவதுதான் எனக்கு வசதி. அதனாலேயே அதை நம்பத் தயக்கமாக இருக்கிறது.

இதற்கிடையில் துண்டறிக்கையை மாற்ற வேண்டியிருந்தது. பழையதில் ‘இது பிளாஸ்டிக் அரிசி அல்ல’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. புரளியைக் கேள்விப்படாதவர்களுக்கும் நாமே வீடு தேடிப் போய்ச் சொல்கிறோம் என்று நான் எப்போதும் சண்டை பிடிப்பேன். இந்தத் தடவை தலைப்பை எடுத்துவிட்டு, குடும்பங்கள் கேட்கும் கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதச் சொன்னார்கள். முளைக்குழியை முதல் கேள்வியாக வைத்தேன், படத்தோடு. தவிட்டுக் கேள்வியையும் வைத்தேன். மூன்றாவது கேள்விக்கு இரண்டு பதில் எழுதி அனுப்பினேன். ஒன்று, பொறுக்க வேண்டாம், அப்படியே சமையுங்கள் என்று ஒரே வரி. இன்னொன்று, வீட்டில் கீரை, முட்டை, பால் தினமும் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று நீளமாக. இடமில்லை, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

சமையலர் அக்காவிடம் இரண்டையும் போனில் வாசித்துக் காட்டினேன். சின்னதையே போடச் சொன்னார், பெரியதை யாரும் படிக்க மாட்டார்களாம். அப்பாயிக்கு எதைக் கொடுப்பது என்று கேட்டேன். “அவங்களுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவே வராதுங்களே. சொல்லணும்னா நேர்ல வந்துதான் சொல்லணும். அறுப்புக்கு முன்னாடி வந்துடுங்க, அப்புறம் களத்தைவிட்டு வர மாட்டாங்க” என்றார்.