பழைய ரூட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி: மூன்று லினக்ஸ் கணினிகளுக்கு ஒரே நெட்

வீட்டில் ஒரு டெபியன் டெஸ்க்டாப், லினக்ஸ் மின்ட் போட்ட லேப்டாப், பேக்கப் எடுக்க ஒரு ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி. மூன்றுக்கும் நெட் வர வேண்டும், அதோடு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பெயரைக் கொடுத்தே எஸ்எஸ்எச்சில் (ஒரு கணினியில் இருந்தபடி இன்னொன்றை இயக்கும் வழி) போக முடிய வேண்டும், ஐபி எண்ணை ஞாபகம் வைத்துத் தட்டிக்கொண்டிருக்க என்னால் ஆகாது. ஃபைபர் இணைப்போடு வந்த பெட்டியில் நெட் வரத்தான் செய்கிறது. ஆனால் அதன் செட்டிங்ஸ் பக்கத்தில் பாதி பூட்டிக் கிடக்கிறது, டிஎன்எஸ் (பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சர்வர்) கூட மாற்ற விடாது.

சரி என்று சும்மா கிடந்த டிபி-லிங்க் ஆர்ச்சர் சி7 ரூட்டரை எடுத்து, ரூட்டர்களுக்கென்றே இருக்கும் லினக்ஸான ஓப்பன்டபிள்யூஆர்டியை ஏற்றினேன். பழசுதான், ஆனாலும் 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ரேம் இருப்பதால் தாங்குகிறது. 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி ரேமும் உள்ள ரூட்டர் வைத்திருப்பவர்கள் மெனக்கெட வேண்டாம், புதிய பதிப்புகள் அதில் ஏறாது. அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ரூட்டரின் பதிப்பு வி2வா வி5வா என்று பார்த்து, அதற்கென்று இருக்கும் ஃபைலைத்தான் எடுக்க வேண்டும். ஏற்றி முடித்ததும் வைஃபை அணைந்தே இருக்கும், ரூட் பாஸ்வேர்டும் கிடையாது, அதனால் கேபிள் செருகி உள்ளே போய் முதல் வேலையாகப் பாஸ்வேர்டு வைத்துவிடுங்கள்.

அடுத்தது முகவரிச் சிக்கல். ஃபைபர் பெட்டியும் 192.168.1.1, ஓப்பன்டபிள்யூஆர்டி தானாக எடுத்துக்கொள்வதும் 192.168.1.1. ரூட்டரின் இரண்டு பக்கமும் ஒரே எண் வரிசை இருந்தால் எந்தப் பாக்கெட்டை எந்தப் பக்கம் தள்ளுவது என்று அதற்கு எப்படித் தெரியும்? வீட்டுப் பக்கத்தை 192.168.10.1 ஆக்கியதும் நெட் ஓட ஆரம்பித்தது. ஆனால் இப்போது இரண்டு பெட்டிகளும் ஆளுக்கு ஒரு முறை முகவரியை மாற்றுகின்றன. பிரவுசருக்கு அதனால் ஒன்றும் இல்லை, எனக்குத்தான் பிடிக்கவில்லை. இணைப்புக்காரர்களிடம் கேட்டு அந்தப் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (இணைப்பை அப்படியே கடத்தும் நிலை) மாற்றச் சொல்லி, பிபிபிஓஇ (இணைப்புக்காரர்களிடம் லாகின் செய்யும் முறை) யூசர்நேம் பாஸ்வேர்டை என் ரூட்டரிலேயே போட்டுவிட்டேன். பிபிபிஓஇ தன் பங்குக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, 1500இலிருந்து 1492 ஆகிவிடும். இதைக் கவனிக்காத ரூட்டர்களில் பிங் போகும், சில தளங்கள் மட்டும் பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கும். ஓப்பன்டபிள்யூஆர்டி ஃபயர்வாலில் அதற்கான சரிக்கட்டல் முன்பே இயங்குகிறது, நான் எதையும் தொடவில்லை.

லினக்ஸ் பக்கம் வேலை ரொம்பக் குறைவு. மின்ட், பை இரண்டும் கேபிள் செருகியதும் டிஎச்சிபியில் (ரூட்டர் தானாக ஐபி முகவரி தரும் முறை) முகவரி வாங்கிக்கொண்டன. டெபியன் மட்டும் முரண்டு பிடித்தது, இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் அந்த ஈதர்நெட் கார்டு தன் பொறுப்பில் இல்லை என்றது. காரணம், டெபியனின் பழைய இன்டர்ஃபேசஸ் ஃபைலில் அந்தக் கார்டின் பெயரும் ஒரு நிலையான முகவரியும் எழுதியிருந்தது. அங்கே பெயர் இருந்தால் நெட்வொர்க்மேனேஜர் ஒதுங்கிக்கொள்ளும். லூப்பேக் (கணினி தன்னோடு தானே பேசும் இணைப்பு) வரிகளை மட்டும் விட்டு மற்றதை அழித்து ரீபூட் செய்ததும் சரியானது. என்னைக் கேட்டால், நிலையான முகவரி தேவைப்பட்டாலும் கணினியில் எழுதாதீர்கள். நெட்வொர்க் கார்டுக்கே உரிய மேக் முகவரியை வைத்து ரூட்டரிலேயே ஒதுக்கிவிடலாம், எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். முகவரியின் கடைசி எண்ணை டிஎச்சிபி 100இலிருந்து 249 வரை தருகிறது, நான் ஒதுக்கியவை 10, 11, 12.

பெயர் விஷயமும் இதோடு முடிந்தது. டிஎச்சிபி, டிஎன்எஸ் இரண்டையும் ரூட்டரில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற ஒரே புரோகிராம்தான் பார்க்கிறது, அதனால் முகவரி வாங்கும்போது கணினி சொல்லும் பெயரை அப்படியே குறித்துக்கொள்கிறது. பெயருக்குப் பின்னால் புள்ளி லேன் (.lan) சேர்த்தால் போதும். டெபியனில் டிஎன்எஸ் இடத்தில் கூகுளின் 8.8.8.8 என்று போட்டிருந்தால் மட்டும் இது வேலை செய்யாது, வெளியில் இருக்கும் சர்வருக்கு நம் வீட்டு லேப்டாப்பின் பெயர் எங்கே தெரியப்போகிறது.

அப்புறம் டெஸ்க்டாப்பிலிருந்து ராஸ்பெர்ரி பைக்கு ஃபைல் அனுப்பினால் நொடிக்கு 11 எம்பியைத் தாண்டவில்லை. இணைப்பின் வேகத்தைக் காட்டும் ஈத்டூல் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் இணைப்பே 100 எம்பிபிஎஸ்தான், இத்தனைக்கும் இரண்டு முனையும் கிகாபிட். 100க்கு இரண்டு ஜோடி கம்பி போதும், கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 100க்குத் தேவைப்படாத அந்த இரண்டு ஜோடியில் ஒரு கம்பி தொடாவிட்டாலும் பெரும்பாலும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும், நெட் மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. டெஸ்க்டாப் பக்க முனையை வெட்டிப் புதிய ஆர்ஜே45 போட்டுக் கிரிம்ப் செய்ததும் 1000 காட்டியது.

ஆப்ட் பாக்கேஜ்களை (லினக்ஸ் மென்பொருள் ஃபைல்கள்) ராஸ்பெர்ரி பையில் ஒருமுறை இறக்கி எல்லோரும் பகிரலாம் என்று ஆப்ட்-கேச்சர்-என்ஜி யோசனையும் இருந்தது. ஆனால் டெஸ்க்டாப்பின் பிராசஸர் வகை ஏஎம்டி64, பையினுடையது ஆர்ம்64, மின்ட்டோ உபுண்டு வழி வந்தது. மூன்றுக்கும் பொதுவாக எதுவும் பெரிதாக மிஞ்சாது, விட்டுவிட்டேன்.

வெளியிலிருந்து வீட்டுக்குள் வருவது மட்டும் பாக்கி. ரூட்டருக்கு வெளிப் பக்கம் கிடைத்திருக்கும் ஐபி 100.64இல் தொடங்குகிறது, அதாவது இணைப்புக்காரர்களே பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள், போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை வீட்டுக் கணினிக்குத் திருப்பும் செட்டிங்) போட்டாலும் பலிக்காது. ஐபிவி6 (புதிய, நீளமான ஐபி முகவரி முறை) வருகிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் வெளியே ஒரு சின்ன சர்வர் எடுத்து வயர்கார்டு என்ற விபிஎன் போடலாம் என்றிருக்கிறேன்.