கல்வீட்டில் விறகடுப்பு: இந்தக் குளிர்காலம் செய்து பார்த்தவை

நாங்கள் குடிவந்திருப்பது தெற்கு ஸ்பெயின் என்றதும் ஊரில் எல்லோரும் கேட்பது, "அங்கே என்ன குளிர் இருக்கப்போகுது?" என்றுதான். வெளியே பெரிதாக இல்லை என்பது உண்மை. சியெரா நெவாதா மலையின் தெற்குச் சரிவில், அல்புஹாரா ஊர்களில், ஜனவரி மதியம் சுவரோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் ஸ்வெட்டரைக் கழற்றலாம். குளிர் வீட்டுக்குள் இருக்கிறது. அரை மீட்டருக்கு மேல் தடித்த கல்சுவர், சின்னச் சின்ன ஜன்னல், லௌனா என்கிற சாம்பல்நிறக் களிமண்ணைப் பரப்பிய தட்டைக் கூரை என்று எல்லாமே ஆகஸ்டு வெயிலைத் தடுக்க ஏற்பட்டவை. அந்தச் சுவர் ஒருமுறை குளிர்ந்துவிட்டால் லேசில் சூடேறாது. தெருவில் 15 டிகிரி இருக்கும்போது எங்கள் முன்னறையில் 11.

வீட்டில் கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு விறகடுப்பு ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதை ஒழுங்காக எரிக்கப் பழகுவதை நான் என் வேலையாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் விறகு. இங்கே விறகை எடை போட்டு விற்கிறார்கள். அதனால் ஈரப்பதம் அளக்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கினேன். கட்டையின் வெளிப்பக்கத்தில் குத்திப் பார்த்துப் பயனில்லை. அதைப் பிளந்து, புதிதாகத் தெரியும் உள்பக்கத்தில் குத்த வேண்டும். 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 4 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் கிடைக்கும். பச்சை மரத்தில் அதில் பாதிதான், ஏனென்றால் எடையில் பாதி வரை தண்ணீர், அதை ஆவியாக்கவும் கொஞ்சம் வெப்பம் செலவாகிவிடும். ஈர விறகு வாங்குகிறவர் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறார். போதாததற்குப் புகைக்குழாய் உள்ளே தார் படிந்து, ஒருநாள் அதுவே தீப்பிடிக்கவும் செய்யும்.

என்சினா என்கிற பசுமை மாறாத ஓக்கின் தணல் நிற்பதுபோல் வேறெதுவும் நிற்பதில்லை. இரவு கடைசியாக ஒரு தடித்த கட்டை வைத்தால் காலையில் சாம்பலுக்கு அடியில் கங்கு கிடக்கும். ஆலிவும் கிட்டத்தட்ட அதே கனம், ஆனால் நார் முறுக்கிக்கொண்டு போவதால் கோடரிக்கு மசியாது. பாதாம் மரம் நடுவில் நிற்கிறது, எனக்குப் பிடித்ததும் அதுதான். பற்றவைக்கப் பைன் காய்களும் பாதாம் ஓடும் போதும். பக்கத்து வீட்டு அம்மா ஒரு சாக்கு நிறையக் கொடுத்தார். எண்ணெய் ஆட்டிய பிறகு மிஞ்சும் ஆலிவ் கொட்டையையும் இங்கே எரிக்கிறார்கள், அதற்கென்றே தனி அடுப்பு வேண்டும்.

அடுத்தது பற்றவைக்கும் முறை. சுள்ளியைக் கீழே வைத்து அதன்மேல் கட்டை அடுக்குவதுதான் நமக்குப் பழக்கம். இந்த அடுப்பில் தலைகீழாகச் செய்தால் நன்றாக வருகிறது. தடித்த கட்டைகள் அடியில், அவற்றின் மேல் நடுத்தரம், உச்சியில் சுள்ளியும் பைன் காயும். நெருப்பு மேலிருந்து கீழே இறங்கும். கீழிருந்து கிளம்பும் புகை அந்தத் தீயைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதால் அதுவும் எரிந்துவிடுகிறது. கண்ணாடி கறுப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. கறுத்தாலும் ஈரச் செய்தித்தாளில் கொஞ்சம் சாம்பலைத் தொட்டுத் தேய்த்தால் போகும், தனியாகத் திரவம் எதுவும் வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகும் முழு வீடும் சூடாகவில்லை. ஆகவும் ஆகாது. இதைப் புரிய வைத்தவரும் அந்தப் பக்கத்து வீட்டு அம்மாதான். "வீட்டை ஏன் மகளே சூடாக்குகிறாய்? உட்காரும் இடத்தைச் சூடாக்கு" என்றார். அவர் வீட்டில் மேசா கமியா இருக்கிறது. வட்ட மேசை, தரைவரை தொங்கும் கனத்த துணி, அடித்தட்டில் பிரசேரோ என்கிற கணப்பு. துணியைத் தூக்கிக் காலை உள்ளே விட்டுக்கொண்டால் அரை மணியில் உடம்பு முழுக்க இதமாகிவிடும். அந்தக் காலத்தில் பிரசேரோவில் கரித்துண்டுகள் இருக்கும். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுத்துவிடும், அதனால் நாங்கள் வாங்கியது மின்சாரத்தில் ஓடுவது. விறகடுப்பு இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் மாட்டியிருக்கிறோம். இதில் மட்டும் தயவுசெய்து யாரும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

என் கணவர் இப்போது அலுவலக வேலை முழுவதையும் அந்த மேசையில்தான் பார்க்கிறார்.

கேஸ் ஹீட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆரஞ்சு நிற பியூட்டேன் சிலிண்டரை உள்ளே வைத்து உருட்டிக்கொண்டு போகும் ஹீட்டர் இங்கே பல வீடுகளில் உண்டு. சட்டென்று சூடாகும், ஆனால் புகைக்குழாய் கிடையாது. ஒரு கிலோ பியூட்டேன் எரிந்தால் ஒன்றரை கிலோ நீராவி வரும். 12.5 கிலோ சிலிண்டர் தீரும்போது 19 லிட்டர் போல் தண்ணீர் அறைக்குள் வந்திருக்கும். அது போய்ச் சேரும் இடம் குளிர்ந்த கல்சுவர், அப்புறம் அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை. நாங்கள் சமையலுக்கும் வெந்நீருக்கும் மட்டும் சிலிண்டரை வைத்துக்கொண்டோம். சமையலறைச் சுவரில் கேஸுக்காக விட்டிருக்கும் காற்றுத் துளை வழியாகக் குளிர் வரத்தான் செய்கிறது. அதை அடைக்கக் கூடாது.

எனக்கு மிகவும் சந்தோஷம் தந்தது இட்லி மாவு. 11 டிகிரியில் மாவு இரண்டு நாள் ஆனாலும் அசையாது. பாத்திரத்தைக் கமியா மேசைக்கு அடியில், பிரசேரோவைக் குறைந்த சூட்டில் வைத்து, துணியை இறக்கிவிட்டேன். சாயங்காலம் வைத்து, படுக்கப்போகும்போது பிரசேரோவை அணைத்துவிட்டு, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி விறகடுப்புப் பக்கம் நகர்த்தினால் காலையில் பொங்கி நிற்கிறது. பக்கத்து வீட்டுக்கு இட்லி போனது. மழை பெய்த அன்று அங்கிருந்து மீகாஸ் வந்தது. மழை வந்தால் மீகாஸ் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். பூண்டு தாளித்த ஆலிவ் எண்ணெயில் மாவைப் போட்டு, கை ஓயக் கிளறி உதிரி உதிரியாக எடுப்பது, நம் ரவா உப்புமாவுக்கு அக்கா என்று சொல்லலாம். வறுத்த மிளகாயும் மாதுளை முத்துகளும் தொட்டுக்கொள்ள.

ஜனவரி 17, சான் அன்தோன் திருநாள். அதையொட்டித் தெருமுனைகளில் பெரிய நெருப்பு மூட்டுகிறார்கள், சிஸ்கோ என்று பெயர். ஊரே சுற்றி நிற்கிறது. குளிரைத் தனித்தனியாகச் சமாளிக்கிற ஊர் இல்லை இது என்று அன்றைக்குத் தெரிந்தது. குடிவந்ததிலிருந்து தலையசைப்போடு நின்றிருந்தவர்கள் அன்று பேசினார்கள்.

இனிச் செய்ய வேண்டியவை. ஆலிவ் அறுவடை முடிந்து கவாத்து தொடங்கியிருக்கிறது. வெட்டிய கிளைகளில் ஒரு வண்டி தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிளந்து, காற்றோட்டமாக அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டு வைக்கப்போகிறேன். அடுத்த குளிர்காலத்துக்கு அது ஆகாது, அதற்கடுத்த குளிர்காலத்துக்குத்தான். இடையில் எரிக்க என்சினாவை மே மாதத்திலேயே வாங்கிவிட வேண்டும், நவம்பரில் காய்ந்த விறகு கிடைப்பது கஷ்டம். புகைக்குழாயைத் துடைக்க ஆள் சொல்ல வேண்டும். படுக்கையறைக்கு மட்டும் வெந்நீர்ப் பையைத் தவிர இன்னும் வழி பிடிபடவில்லை. மாடிப்படி வாசலில் கனத்த திரை தொங்கவிட்டால் கீழ்ச்சூடு வீணாக மேலே ஓடாமல் நிற்கும், படுக்கப்போகும்போது விலக்கினால் மேலே வரும் என்று இவர் சொல்கிறார். துணி வாங்கியாயிற்று, வரும் வாரம் மாட்டிப் பார்க்கிறோம்.