ஹீல்ஸ்வில்: அத்தையோடு ஒரு சனிக்கிழமை

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்துக்குள்ளேயே 1862இல் தொடங்கிய பழைய மிருகக்காட்சிசாலை இருக்கிறது. சிங்கம், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் உண்டு, டிராமிலேயே போய் இறங்கலாம். அதை விட்டுவிட்டு, வெகுதூரம் ரயிலும் பேருந்தும் மாறி ஹீல்ஸ்வில் சரணாலயத்துக்குப் போகலாம் என்று நான் சொன்னதும் அத்தை கேட்டது ஒரே கேள்விதான்.

"அங்க சிங்கம் இருக்கா?"

"இல்ல அத்தை. இந்த நாட்டு விலங்குங்க மட்டும்தான்."

"கங்காருவைத்தான் ரோட்டோரத்துலயே பார்க்கலாம்னு சொல்றாங்களே. அதுக்கு எதுக்குடி டிக்கெட்?"

நியாயமான கேள்விதான். ஆனாலும் கிளம்பிவிட்டோம். லில்லிடேல் வரை ரயில், அங்கிருந்து 685ஆம் எண் பேருந்து. அந்த எண் போட்ட எல்லா வண்டியும் சரணாலய வாசல் வரை போவதில்லை, சில ஹீல்ஸ்வில் ஊரோடு நின்றுவிடும். ஓட்டுநரிடம் கேட்டுவிட்டு ஏறுவது நல்லது. ஜூலை மாதம், அங்கே நடுக்குளிர்காலம். யாரா ஆற்றுப் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்கள் இலை ஒன்றுகூட இல்லாமல் வெறும் குச்சிகளாக நின்றன. அத்தை இரண்டு ஸ்வெட்டருக்குள் புதைந்து உட்கார்ந்திருந்தார்.

உள்ளே போனதும் முதல் அரை மணி நேரம் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகவே இருந்தது. உயரமான யூகலிப்டஸ் மரங்கள், பெரணிகள், ஈர மண் பாதை. இடம் அழகுதான். ஆனால் வேலிக்குள் எட்டிப் பார்த்தால் புதரும் மரக்கட்டையும்தான் தெரிந்தன. இந்நாட்டுப் பாலூட்டிகளில் பாதிக்கு மேல் இரவில் நடமாடுபவை, பகலில் பொந்துக்குள் தூங்கும். வாம்பேட் என்ற வளை தோண்டும் பிராணி இருக்கும் இடத்தில் வைக்கோல் குவியலும் அதற்குள்ளிருந்து ஒரு பழுப்பு முதுகும் மட்டும் தெரிந்தன. "இதுலயும் ஆள் இல்லையா?" என்று அத்தை ஒவ்வொரு வேலியாகக் கேட்டுக்கொண்டே வந்தார். அப்புறம் எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. ஒளிந்துகொள்ள ஓர் இடம் கொடுத்து வைத்திருக்கிறார்களே, காசு கொடுத்து வந்தவர்கள் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

கோலாவைத் தூக்கிப் படம் எடுக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு: விக்டோரியா மாநிலத்தில் சட்டப்படி முடியாது. யூகலிப்டஸ் இலையில் சத்து அவ்வளவு குறைவு, அதைத் தின்று உயிர்வாழும் பிராணி ஒரு நாளில் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கவேண்டியிருக்கிறது. அதைக் கையிலிருந்து கைக்கு மாற்றி எழுப்பாமல் இருப்பதே மரியாதை.

எங்களை முதலில் நிற்க வைத்தது ஒரு குரல். பெரிய பறவைக்கூடம், நாமே உள்ளே நடந்து போகலாம். மனிதர் சிரிப்பதுபோலக் கூவும் கூக்கபுரா பறவையின் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் கூக்கபுரா இல்லை. அடுத்து சாட்டை சொடுக்குவதுபோல விப்பேர்டு என்ற பறவையின் கூவல், அதையடுத்து கிளிகளின் கீச்சல். எல்லாமே தரையில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த ஒரே லயர் பறவையின் வேலை. ஆண் பறவை பெண்ணைக் கவர்வதற்காகக் காட்டில் கேட்ட குரல்களை வரிசையாகக் கோத்துப் பாடும், குளிர்காலம்தான் அதற்கான பருவம். நீண்ட வாலை அப்படியே முன்பக்கம் கவிழ்த்துத் தலைக்கு மேல் வெள்ளித் திரையாக விரித்தபோது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு சிங்கப் பேச்சு எழவில்லை.

வாத்து அலகுள்ள நீர்ப்பிராணியான பிளாட்டிபஸின் வீட்டுக்குள் இருட்டு. பகலை இரவாக்கி வைத்திருக்கிறார்கள், அது விழித்திருக்கவேண்டும் என்பதற்காக. எல்லோருக்கும் முதலில் வரும் ஏமாற்றம் அதன் அளவு: அரை மீட்டர்கூட இருக்குமா என்பது சந்தேகம். ஆனால் தண்ணீருக்குள் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மூழ்கியவுடன் கண், காது, மூக்கு மூன்றையும் மூடிக்கொள்கிறது. இரையின் தசை அசையும்போது எழும் மிக மெல்லிய மின்சாரத்தை அலகாலேயே உணர்ந்து பிடிக்கிறது. பிடித்ததைக் கன்னப் பைகளில் அடக்கி, மேலே வந்து மெல்லுகிறது. முட்டையிடும், பால் கொடுக்கும், ஆணுக்குப் பின்னங்காலில் விஷ முள். 1799இல் இங்கிலாந்தில் இதன் பாடம் செய்த உடலை ஆராய்ந்த இயற்கையியலாளர் ஜார்ஜ் ஷா, யாரோ வாத்து அலகை ஒட்டவைத்து ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகப்பட்டதில் வியப்பே இல்லை.

டேவிட் ஃப்ளே என்பவரின் பெயர் இங்கே அடிக்கடி வரும். 1930களின் இறுதியில் இந்தச் சரணாலயத்தின் இயக்குநரானவர். 1943இல் உலகிலேயே முதன்முறையாக மனிதப் பராமரிப்பில் பிளாட்டிபஸ் குஞ்சு பொரித்தது இவரிடம்தான். ஜாக், ஜில் என்பவை பெற்றோர், குட்டியின் பெயர் காரி. அதே இடத்தில் அடுத்த முறை அது நடக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அதே 1943இல், போர் உச்சத்தில் இருந்தபோது, பிளாட்டிபஸ் ஒன்று வேண்டுமென்று பிரிட்டிஷ் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில் கேட்டனுப்பினார். ஃப்ளே பிடித்துப் பழக்கிய ஒன்றுக்கு வின்ஸ்டன் என்றே பெயர் வைத்துக் கப்பலேற்றினார்கள், பாவம் அது கரை சேரும் முன்பே இறந்துவிட்டது. ஃப்ளே 1933இல் டாஸ்மேனியத் தீவின் ஹோபர்ட்டில் டாஸ்மேனியப் புலி என்ற பைப்பாலூட்டியைப் படம்பிடிக்கப் போய், அதனிடம் பின்பக்கத்தில் கடி வாங்கியவரும்கூட. மூன்றே ஆண்டுகளில் அந்த இனத்தின் அறியப்பட்ட கடைசிப் பிராணியும் செத்துப்போனது. அந்தக் கடியை அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தால் நான் குறை சொல்லமாட்டேன்.

நான் அறுவை அரங்கில் வேலை பார்க்கும் செவிலி. அதனால் மற்றவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்த இடத்தில் நான் நெடுநேரம் நின்றேன். சரணாலயத்துக்குள்ளேயே ஒரு விலங்கு மருத்துவமனை இருக்கிறது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் மருத்துவர்கள். நாங்கள் போனபோது ஒரு கோலாவுக்கு மயக்கம் கொடுத்துப் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. முகமூடி, மானிட்டர், உடல் சூடு இறங்காமலிருக்கப் போர்வை, எல்லாம் நமக்குத் தெரிந்த சாமான்கள்தான். ஆக்சிஜன் அளவு காட்டும் கிளிப்பை நாங்கள் விரலில் மாட்டுவோம், அவர்கள் நாக்கில் மாட்டியிருந்தார்கள். கண் காய்ந்துபோகாமலிருக்க ஒருவர் களிம்பு தடவினார். அதே வேலையை நான் எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறேன்.

"ஆபரேஷன் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்த? அதான் தினமும் பார்க்கிறியே," என்றார் அத்தை. சொன்னாரே தவிர, கோலா காதை அசைக்கும்வரை அவரும் நகரவில்லை.

வெளியே உணவகத்தில் உட்கார்ந்தால் ஐபிஸ் பறவைகளிடம் ஜாக்கிரதை. வளைந்த நீள அலகோடு மேசை மேசையாக வரும். அத்தையின் உருளைக்கிழங்கு சிப்ஸில் பாதி அப்படித்தான் போனது. மதியம் கழுகுகளும் கிளிகளும் தலைக்கு மேல் பறக்கும் காட்சி ஒன்று உண்டு, கூட்டம் அதற்குத்தான் அதிகம். நன்றாகவே இருந்தது, ஆனால் எனக்கு லயர் பறவை போதும்.

விக்டோரியா மாநிலச் சின்னமான லெட்பீட்டர் பாஸம் என்ற சிறு பிராணி அழிந்தே போய்விட்டதென்று நம்பியிருந்தார்கள், 1961இல் மறுபடி கண்ணில் பட்டது. இப்போதும் ஆபத்தில்தான் இருக்கிறது. ஆரஞ்சு வயிற்றுக் கிளி ஒரு கட்டத்தில் காட்டில் இருபதுக்கும் கீழே போய்விட்டது. டாஸ்மேனியன் டெவில் என்ற பிராணிக்கு 1996 முதல் அறியப்பட்ட ஒரு புற்றுநோய், கடித்தால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும். இவற்றையெல்லாம் இங்கே காப்பாற்றி வளர்க்கிறார்கள். கிளிகளில் பல காட்டுக்கே திரும்பப் போகின்றன. பார்வையாளருக்குக் காட்டாமல் பின்புறம் நடக்கிற வேலைதான் இங்கே பெரிய வேலை என்று தோன்றியது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்த மண் முன்பு கொராண்டெர்க். 1863இல் வுருண்ட்ஜெரி முதலான பூர்வகுடிகள் இங்கே குடியேறி, பீருக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் பயிரிட்டு நன்றாகவே நடத்திவந்த குடியிருப்பு. அதை மூடும் முயற்சிகளை எதிர்த்து வுருண்ட்ஜெரி தலைவர் வில்லியம் பராக் தன் மக்களோடு மெல்போர்ன்வரை நடந்தே போய் முறையிட்டார். இருந்தும் நிலம் துண்டு துண்டாகப் போனது, 1924இல் மூடியே விட்டார்கள். அதில் ஒரு துண்டில்தான் இந்தச் சரணாலயம் 1934இல் திறந்தது. அரிய பிராணிகளுக்கு இடம் கொடுத்த நிலத்தில் சொந்தக்காரர்களுக்கு இடமில்லாமல் போனதை நினைத்தால் மனது ஒப்பவில்லை.

பேருந்துக்கு நேரமிருந்ததால் கடைக்குள் நுழைந்தோம். அத்தையின் பேரனுக்கு ஒரு பிளாட்டிபஸ் பொம்மை எடுத்துக் கொடுத்தேன். அத்தை அதன் அலகை அழுத்திப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார்.

"பிளாஸ்டிக். நிஜத்துல தோல் மாதிரி மிருதுவா இருக்கும்னு பிளாட்டிபஸ் வீட்டுல இருந்த பொண்ணு சொன்னாளே. வேற எடு."