ஒரு நாள் கரன்ட்

“எல்லாருக்கும் பத்து நாள் கரன்ட் வைக்கிறீர்கள். இவருக்கு மட்டும் ஏன் டாக்டரம்மா ஒரே நாளோடு நிறுத்திவிட்டீர்கள்?”

கதிர்வீச்சுச் சிகிச்சையைத்தான் எங்கள் நோயாளிகள் ‘கரன்ட்’ என்பார்கள். அந்த அம்மா சண்டைக்கு வரவில்லை. முந்தின நாளே சிகிச்சை முடிந்துவிட்டது தெரியாமல், காலை ஏழு மணிக்கே கணவரைக் கூட்டிவந்து வரிசையில் உட்கார வைத்திருந்தார். அவருடைய வேட்டியைச் சற்று விலக்கிக் காட்டினார். கதிர் பட வேண்டிய இடத்தைக் குறிக்க இடுப்பில் நாங்கள் மையால் போட்ட கட்டம் அப்படியே இருந்தது. அழிந்துவிடக் கூடாதென்று இரவு முழுவதும் அவரை ஒருக்களித்துப் படுக்கவே விடவில்லையாம்.

பதில் என்னிடம் தயாராக இருந்தது. புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவி வலி எடுத்தால், ஒரே தடவையில் 8 கிரே (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு) கொடுத்தாலும் பத்துத் தடவையாக 30 கிரே கொடுத்தாலும் வலி ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் குறைகிறது. ஆண்டுதோறும் முதுநிலை மாணவர்களுக்கு நான் நடத்தும் பாடம் இது. “பத்து நாள் அலைய வேண்டாம் அம்மா, பலன் ஒன்றுதான்” என்றேன். தலையாட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “காப்பீட்டு அட்டை வைத்திருக்கிறோம் அம்மா” என்றார்.

அந்தச் சொல் இன்றும் தைக்கிறது. பணம் காரணமில்லை என்று சத்தியம் செய்வேன். வரிசை காரணமில்லை என்று செய்ய முடியுமா? எங்கள் இயந்திரத்தில் கதிரை வெளியிடும் உலோகமான கோபால்ட் பழையது. கோபால்ட் 60-இன் வீரியம் 5.27 ஆண்டுகளில் பாதியாகிவிடும். அதன்பின் அதே அளவு கதிருக்கு நோயாளி இரண்டு மடங்கு நேரம் மேசையில் கிடக்க வேண்டும். கருப்பைவாய்ப் புற்றுநோய் வந்த பெண்களுக்கோ எட்டு வாரத்துக்குள் மொத்தச் சிகிச்சையும் முடிந்தாக வேண்டும். குணமாகக்கூடியவர்களுக்கு இடம் வேண்டும் என்ற கணக்கு, அவருடைய சீட்டில் எழுதும்போது எனக்குள் ஓடத்தான் செய்தது. ஓடினால் என்ன தவறு? முடிவு சரியான முடிவுதானே.

சரிதான். ஆனால் அதே வாரம் எங்கள் துறை ஊழியர் ஒருவரின் தந்தைக்குப் பத்து நாள் எழுதினேன். அவருக்கு முதுகெலும்பில் நோய். எலும்பு நொறுங்கித் தண்டுவடத்தை அழுத்திவிடுமோ என்று பயந்தேன். பயந்தேன் என்றுதான் நினைக்கிறேன். ஸ்கேனில் நொறுங்கல் எதுவும் இல்லை. மகன் என் அறை வாசலில் நின்று, “நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் மேடம்” என்று சொன்னது மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது.

நான்கு மாதம் கழித்து அந்த அம்மா கணவரைத் திரும்ப அழைத்து வந்தார். அதே இடுப்பு, அதே வலி. 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்விலும், ஒரே தடவை கதிர் பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கு மறுசிகிச்சை அளிக்கப்பட்டது. பத்துத் தடவை பெற்றவர்களில் 9 விழுக்காடு. குறைவாகக் கொடுத்தவர்களுக்கு மறுபடி கொடுக்க மருத்துவர்கள் தயங்குவதில்லை, அதனாலும் இருக்கலாம் என்று வகுப்பில் விளக்குவேன். அந்த 18-ஐ முதல் நாளே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வலியைப் பொறுத்தவரை நான் சொன்னது பொய்யில்லை என்று எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும் மனம் அடங்குவதில்லை.

மறுபடியும் 8 கிரேதான் எழுதினேன். ஏன் ஒரு நாள் என்று இந்த முறை அவர் கேட்கவில்லை. சிகிச்சை முடிந்து வெளியே வந்ததும் கணவரின் வேட்டியைச் சரிசெய்தபடி, “கட்டத்தை இனி அழித்துவிடலாமா அம்மா?” என்று மட்டும் கேட்டார்.